ஸ்ட்ரெஸ் எக்கோவுக்கு டிரெட்மில் போதுமா, படுத்தபடி மிதிக்கும் சைக்கிள் கட்டில் வேண்டுமா?

பதிவு 1 – பொருநை_எக்கோ

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட நகரம் ஒன்றில், ஐம்பது படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம் பிடிக்கும் சோதனை) டெக்னீஷியனாகப் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன். எங்களிடம் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஈசிஜி பார்க்கும்) இயந்திரம் ஒன்று உண்டு. அது ஈசிஜி அறையில் நிற்கிறது. எக்கோ இயந்திரமோ நடைவழியைத் தாண்டி எதிர் அறையில் இருக்கிறது. கடந்த ஆண்டு முதல் இரண்டையும் சேர்த்து, இதயத்தை உழைக்கவிட்டுப் படம் எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோ செய்து வருகிறோம்.

சிக்கல் இதுதான். நோயாளி டிரெட்மில்லிலிருந்து இறங்கி, செருப்பைத் தேடி மாட்டி, நடைவழியைக் கடந்து, என் கட்டிலில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, நான் ஜெல் தடவிப் புரோபை (நெஞ்சில் வைத்துப் படம் எடுக்கும் கைக்கருவியை) வைப்பதற்குள் இதயத்துடிப்பு இறங்கிவிடுகிறது. சென்ற வாரம் ஒருவருக்கு உச்சத்தில் 154 இருந்தது. முதல் படம் திரையில் தெளிந்தபோது 118. அதனை ‘ஸ்ட்ரெஸ்’ படம் என்று பெயரிட்டுச் சேமிக்க எனக்கே கை கூசியது.

இப்போது விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து, படுத்தபடி மிதிக்கும் எர்கோமீட்டர் (உழைப்பை அளக்கும் சைக்கிள்) கட்டிலை வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். விலை எங்கள் டிஎம்டி இயந்திரத்தின் விலையைப் போலப் பல மடங்கு. நிர்வாகம் என்னிடம் எழுத்து மூலமாகக் கருத்துக் கேட்டிருக்கிறது. இரண்டிலும் கைப்பழக்கம் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதிவு 2 – இடச்சாய்வு

வணக்கம் தம்பி. நான் கோவைப் பக்கத்தில் இரண்டு வகைக் கருவிகளிலும் எக்கோ எடுத்திருக்கிறேன். முதலில் சைக்கிள் கட்டிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதைப் பார்த்திராதவர்கள் இங்கே பலர் இருப்பார்கள்.

அது பார்வைக்குச் சாதாரண எக்கோ கட்டில் போலத்தான் இருக்கும். கால்மாட்டில் பெடல்கள் பொருத்தப்பட்டிருக்கும். பாதங்களைப் பட்டையால் கட்டிவிடுவோம். நோயாளி சற்றே நிமிர்ந்த நிலையில் சாய்ந்திருக்க, கட்டில் முழுவதையும் மோட்டார் மூலம் இடப்பக்கமாகச் சாய்க்கலாம். மெத்தையில் இதய நுனி வரும் இடத்தில் ஒரு துண்டு கழன்று வரும். அந்த இடைவெளியில் புரோபை வைத்தால் நுனிப் பார்வை தெளிவாகக் கிடைக்கும். வழக்கமாக 25 வாட்டில் தொடங்கி, இரண்டு அல்லது மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை 25 வாட் கூட்டுவோம். நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 சுற்று மிதிக்கச் சொல்வோம். மின்காந்தத் தடை கொண்ட கருவியாக இருந்தால், நோயாளி வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் கூட்டினாலும் கருவி தானே தடையைச் சரிசெய்து அதே வாட்டைத் தக்கவைத்துக்கொள்ளும். இது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. கோபன்ஹேகனில் உடலியங்கியல் அறிஞர் ஆகஸ்ட் க்ரோ மின்காந்தத் தடையுள்ள சைக்கிள் எர்கோமீட்டரை 1913 ஆம் ஆண்டிலேயே விவரித்திருக்கிறார்.

இதன் பெரிய வசதி என்னவென்றால், புரோபை நெஞ்சிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும், உச்சத்திலும், நிறுத்திய பின்னும் படம் கிடைக்கும். இதயத்தின் எந்தச் சுவர் எத்தனை வாட்டில் சோர்ந்தது என்பது கண்முன்னே தெரியும். டிரெட்மில்லில் நாம் பார்ப்பது பயிற்சி முடிந்த பிறகு இதயத்தில் எஞ்சியிருக்கும் மாற்றத்தை மட்டுமே. சில நோயாளிகளுக்கு அது ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு மூச்சுக்கு முன்னால் தொடை சோர்ந்துவிடும். ‘நெஞ்சு ஒன்றும் செய்யவில்லை அம்மா, கால்தான் கடுக்கிறது’ என்று 75 வாட்டிலேயே நிறுத்தச் சொல்வார்கள். வாழ்நாளில் சைக்கிளே மிதித்திராத மூதாட்டிகளுக்கு அந்தச் சுழல் அசைவு பிடிபடுவதற்கே இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு மாறாக, முப்பது ஆண்டுகள் சைக்கிளில் ஆலைக்குப் போய்வந்த ஒரு பெரியவர் 125 வாட்டை வெற்றிலை மெல்லும் நிதானத்தோடு மிதித்துக் காட்டினார். கருவியின் தன்மை பாதி என்றால் நோயாளியின் கால் வரலாறு மீதி.

பதிவு 3 – மருத்துவர்_நெய்தல்

இடச்சாய்வு அவர்கள் எழுதியது சரியே. எனினும் இதயநோய் மருத்துவர் என்ற முறையில் டிரெட்மில்லின் பக்கம் நின்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

நடத்தல் எல்லாருக்கும் தெரிந்த செயல். நடக்கும்போது உடலின் பெரிய தசைகள் அனைத்தும் இயங்குகின்றன; ஆகவே அடையும் உச்ச ஆக்சிஜன் நுகர்வும் இதயத்துடிப்பும் பொதுவாகச் சைக்கிளைவிட டிரெட்மில்லில்தான் அதிகம். சியாட்டிலில் இதயநோய் மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1963 ஆம் ஆண்டில் வகுத்துத் தந்த படிமுறையை இன்றும் நாம் மாற்றாமல் பின்பற்றுவதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில் 10 விழுக்காடு ஏற்றத்தோடு தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடுகின்றன. இரண்டாம் கட்டத்தில் 4 கி.மீ., 12 விழுக்காடு. மூன்றாம் கட்டத்தில் ஏறத்தாழ 5.5 கி.மீ., 14 விழுக்காடு. ஒருவர் மூன்றாம் கட்டத்தை முழுமையாக முடித்தார் என்றால் ஏறத்தாழ 10 மெட் (ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலைப் போல 10 மடங்கு) உழைப்பைத் தாங்கினார் என்று பொருள். படத்தில் எதுவும் தெரியாவிட்டாலும் அந்த ஒற்றை எண்ணே அவருடைய எதிர்காலத்தைப் பற்றி எனக்கு நிறையச் சொல்லிவிடும். படுத்து மிதித்துக் கிடைக்கும் வாட் அளவை அதே நம்பிக்கையோடு என்னால் படிக்க இயலாது.

படுத்த நிலையில் உடலியங்கியலே வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கால்களிலிருந்து இரத்தம் இதயத்துக்கு அதிகமாகத் திரும்புவதால் இடக்கீழறை கூடுதலாக நிரம்புகிறது. இரத்த அழுத்தம் அதிகமாக ஏறுகிறது. உச்சத் துடிப்போ குறைவாகவே இருக்கிறது. ஆகவே வயதுக்குரிய உச்சத் துடிப்பில் 85 விழுக்காடு என்ற இலக்கை எட்டாமலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். அதேவேளை, இதே காரணத்தால் குறைந்த உழைப்பிலேயே இரத்தக் குறைவு (இதயத் தசைக்குப் போதிய இரத்தம் போகாமை) வெளிப்படவும் வாய்ப்பு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பொருநை_எக்கோ அவர்களுக்கு ஒரு கேள்வி. நிறுத்தியதிலிருந்து முதல் படம் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? டிரெட்மில்லுக்குப் பிறகான படங்கள் அனைத்தையும் 60 முதல் 90 விநாடிக்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட விதி. நடைவழியைக் கடந்து செல்லும் ஏற்பாட்டில் அது நடக்காது. நீங்கள் டிரெட்மில்லின் மீது வைக்கும் குற்றச்சாட்டு, உண்மையில் உங்கள் நடைவழியின் மீது வைக்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 4 – செம்பருத்தி72

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவள் அல்லள். அம்மாவின் சோதனைக்காகத் தேடியபோது இந்த இழை கண்ணில் பட்டது. அம்மாவுக்கு 68 வயது. ஒரு மருத்துவமனையில் டிஎம்டி செய்தோம். புடவையோடும் வெறுங்காலோடும் ஏற்றிவிட்டார்கள். பட்டை நகரத் தொடங்கியதும் அவர் பயந்து கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார். கொசுவம் காலில் தட்டியதால் பாதி கவனம் அதிலேயே போயிற்று. நான்கு நிமிடத்தில் நிறுத்திவிட்டு, ‘இலக்கை எட்டவில்லை, முடிவு சொல்ல முடியாது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அவருடைய இலக்கு எவ்வளவு, கைப்பிடியைப் பற்றியதால் கணக்கு மாறுமா என்று யாராவது விளக்க முடியுமா?

பதிவு 5 – இடச்சாய்வு

சகோதரி, வழக்கமான கணக்கு 220 இலிருந்து வயதைக் கழிப்பது. 68 கழித்தால் 152. அதில் 85 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 129. இது சராசரிக் கணக்கு மட்டுமே. ஒவ்வொருவருக்கும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும். அம்மா துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அந்த எண்ணை எட்டுவதே கடினம். ஆனால் மாத்திரையை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கைப்பிடியை இறுகப் பற்றினால் உடல் எடையின் ஒரு பகுதியைக் கைகள் தாங்கிக்கொள்கின்றன. இயந்திரம் காட்டும் மெட் அளவு உண்மையான உழைப்பைவிடக் கூடுதலாக இருக்கும். சமநிலைக்காக இரண்டு விரல்களை மேலே வைத்துக்கொள்வதே போதும்.

உடையைப் பற்றி நீங்கள் எழுதியது எங்கள் துறைக்கே ஒரு குட்டு. எங்கள் அறையில் மூன்று அளவுகளில் பைஜாமாவும் நான்கு சோடி கான்வாஸ் காலணிகளும் வைத்திருக்கிறோம். வேட்டி கட்டி வரும் பெரியவர்களுக்கும் அவையே. முதலில் ஏற்றம் இல்லாமல் ஒரு நிமிடம் நடக்கவிட்டு, ‘கீழே பார்க்காதீர்கள், எதிரே உள்ள நாட்காட்டியைப் பாருங்கள்’ என்று சொல்லிப் பழக்கிய பின்புதான் சோதனையைத் தொடங்குகிறோம். இயலாதவர்களுக்குத் திருத்திய புரூஸ் முறை இருக்கிறது. அதே மெதுவான வேகத்தில், ஏற்றம் இல்லாமல் தொடங்கும். அதுவும் முடியாதவர்களுக்கு இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் டோபுடமின் போன்ற மருந்து மூலம் செய்யலாம்.

பதிவு 6 – ரசமட்டம்

மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பொறியாளன் நான். எந்தக் கருவி நல்லது என்ற வாதத்துக்குள் போகவில்லை. இருக்கும் கருவி சொல்லும் எண் உண்மையா என்பதே என் கவலை.

டிரெட்மில்லின் வேகத்தைச் சரிபார்க்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. பட்டையின் ஓரத்தில் வெள்ளை இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டுங்கள். பட்டையின் முழுச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அது 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முதல் கட்டமான 2.7 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 45 மீட்டர், அதாவது 15 சுற்று வர வேண்டும். வெறும் பட்டையை ஓடவிட்டு எண்ணுவதில் பயனில்லை. எழுபது எண்பது கிலோ எடையுள்ள ஒருவரை நடக்கவிட்டு எண்ண வேண்டும். பட்டை தளர்ந்திருந்தால் ஒவ்வொரு காலடியிலும் நொடிப்பொழுது வழுக்கி நிற்கும். திரை மட்டும் 2.7 என்றே காட்டிக்கொண்டிருக்கும். நான் பார்த்த ஓர் இயந்திரத்தில் 15 க்குப் பதில் 13 சுற்றுதான் வந்தது. அதில் நடந்த நோயாளிகள் அனைவரும் தங்கள் தகுதிக்கு மேல் நல்ல அறிக்கை வாங்கிச் சென்றிருக்கிறார்கள்.

ஏற்றத்துக்கு என் பெயரில் உள்ள கருவியே போதும். நடைதளத்தின் மீது ஒரு மீட்டர் நீளமுள்ள சட்டத்தை வைத்து, அதன் மேல் ரசமட்டம் வைத்து, தாழ்ந்த முனையைக் குமிழி நடுவுக்கு வரும்வரை உயர்த்துங்கள். 10 விழுக்காடு என்றால் அந்த முனைக்குக் கீழே 10 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். தரை சமமாக இல்லாத அறைகளில் இந்த அளவு பொய்த்துப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மின்வெட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. நோயாளி மூன்றாம் கட்டத்தில் விரைந்து நடக்கும்போது மின்சாரம் போனால் பட்டை சட்டென்று நிற்கும், ஆள் நிற்கமாட்டார். டிரெட்மில் மோட்டாருக்குத் தாங்கும் யுபிஎஸ் தனியாக வேண்டும். கணினிக்கு வைத்திருக்கும் சின்னப் பெட்டி போதாது. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தான் வேலை செய்கிறதா என்று நாள்தோறும் காலையில் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

சைக்கிள் கட்டிலில் வேறு வகைத் தலைவலி உண்டு. அதன் வாட் அளவைச் சரிபார்க்கத் தனிக் கருவி தேவை. அது விற்பவரிடம் மட்டுமே இருக்கும். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தத்தில் ‘ஆண்டுக்கு ஒருமுறை வாட் அளவுத்திருத்தம், சான்றிதழுடன்’ என்ற வரியை எழுதி வாங்காமல் கையொப்பம் இடாதீர்கள். சாய்க்கும் மோட்டார் எத்தனை கிலோ வரை தாங்கும் என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்.

பதிவு 7 – அரைஆயுள்

அணு மருத்துவப் பிரிவில் பணியாற்றுகிறேன். உங்கள் விநாடிக் கணக்கைப் படிக்கும்போது, எங்கள் பிரிவில் அந்தப் பதற்றம் ஏன் இல்லை என்று சொல்லத் தோன்றியது.

எங்களிடமும் அதே டிரெட்மில்தான். நோயாளியின் கையில் முன்கூட்டியே ஊசிக்குழாய் பொருத்திவிடுவோம். உச்சத்தை எட்டியதும் டெக்னீஷியம் 99எம் செஸ்டமிபி என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்திவிட்டு, இன்னும் ஒரு நிமிடமாவது நடக்கச் சொல்வோம். அந்த நேரத்தில் இரத்தம் எங்கெல்லாம் பாய்ந்ததோ அங்கெல்லாம் மருந்து தசைக்குள் புகுந்து தங்கிவிடும். பிறகு அவர் வியர்வையைத் துடைத்து, தண்ணீர் குடித்து, அரைமணி நேரம் கழித்துக் கேமராவுக்குக் கீழே படுத்தாலும் தெரிவது உச்ச நேரத்து இரத்த ஓட்டமே. டெக்னீஷியத்தின் அரை ஆயுள் (கதிரியக்கம் பாதியாகக் குறையும் நேரம்) 6 மணி நேரம் என்பதால் அவசரமில்லை. முன்பு தாலியம் 201 பயன்படுத்திய காலத்தில் இந்த நிம்மதி இல்லை. அது தசையிலிருந்து மெல்ல வெளியேறி மறுபடி பரவும் என்பதால் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் படம் தொடங்க வேண்டியிருந்தது.

வேறு வகைக் கதிரியக்க மருந்துகளைக் கொண்டு படம் எடுக்கும் பெட் ஸ்கேனில் கதை தலைகீழ். ரூபிடியம் 82 இன் அரை ஆயுள் ஒன்றேகால் நிமிடம்தான். நடக்கவைத்துக் கொண்டுவருவதற்குள் மருந்தே தீர்ந்துவிடும். ஆகவே அங்கே இரத்தக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, நோயாளி கேமராவுக்குள் படுத்திருக்கும்போதே செய்கிறார்கள். 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபுளூர்பிரிடாஸ் என்ற பெட் மருந்தின் அரை ஆயுள் 110 நிமிடம். அதனால் பெட் ஸ்கேனிலும் டிரெட்மில்லைப் பயன்படுத்த வழி பிறந்திருக்கிறது.

ஒரு பழைய செய்தியையும் சேர்த்துக்கொள்கிறேன். உடற்பயிற்சியின்போதே படம் எடுக்கும் சைக்கிள், எக்கோவுக்கு முன்பே எங்கள் பிரிவில் இடம்பிடித்துவிட்டது. 1977 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி போரரும் குழுவினரும் நோயாளிகளைக் காமா கேமராவுக்குக் கீழே படுக்கவைத்து மிதிக்கச் செய்து, இடக்கீழறை எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அளந்தார்கள்.

பதிவு 8 – பொருநை_எக்கோ

எல்லாருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா கேட்டபடி கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து ஆறு நோயாளிகளுக்கு அளந்தேன். நிறுத்தியதிலிருந்து முதல் படம் வரை மிகக் குறைந்தது 85 விநாடி, மிக அதிகம் 130. நீங்கள் சொன்னது உண்மைதான், விதிப்படி முடித்திருக்க வேண்டிய நேரத்தில்தான் நான் தொடங்கவே செய்கிறேன்.

எங்கள் கதிரியக்க மருத்துவர் இதைக் கேட்டுவிட்டு, ‘வருங்காலத்தில் எம்.ஆர்.ஐ.யிலேயே நடக்கவைத்து எடுப்பார்கள், இதற்கெல்லாம் இப்போது பணம் போடாதீர்கள்’ என்றார். எம்.ஆர்.ஐ. அறைக்குள் டிரெட்மில் என்பது நடக்கக்கூடிய காரியமா?

பதிவு 9 – காந்தவேலி

எம்.ஆர்.ஐ. பிரிவில் இருக்கிறேன். நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. ஆனால் உங்கள் கொள்முதல் முடிவை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

1.5 டெஸ்லா காந்தம் என்பது பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு. படம் எடுக்காத நேரத்திலும், மின்சாரம் போன நேரத்திலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். சாதாரண டிரெட்மில்லின் எஃகுச் சட்டமும் மோட்டாரும் அந்த அறையில் எறிபடை ஆகிவிடும். ஆகவே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்லாண்டோ சிமோனெட்டி, சுபா ராமன் ஆகியோரின் குழு படிப்படியாக வேலை செய்தது. முதலில் மாற்றியமைத்த டிரெட்மில்லை எம்.ஆர்.ஐ. அறைக்குள்ளேயே வைத்து நடக்கவிட்டுப் படம் எடுத்து, 2008 இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு காந்தத்தால் ஈர்க்கப்படாத பொருட்களைக் கொண்டு, திரவ அழுத்தத்தால் இயங்கும் டிரெட்மில்லை உருவாக்கி, எம்.ஆர்.ஐ. மேசைக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். 2012 இல் வெளியான அந்தச் சோதனையில் நலமுள்ள பத்துத் தன்னார்வலர்கள் புரூஸ் முறைப்படி நடந்தார்கள். நிறுத்திய ஒரு நிமிடத்துக்குள் இதய அசைவுப் படங்கள் முடிந்துவிட்டன. ஆக, உங்களுக்குத் தடையாக இருக்கும் அதே நடைவழியைத்தான் அவர்கள் ஒழித்தார்கள்.

குழாய்க்குள் படுத்தபடியே உழைக்கும் கருவிகளும் உண்டு. நெதர்லாந்தின் லோடே நிறுவனம் பெடல் வகையையும், ஆஸ்திரியாவின் எர்கோஸ்பெக்ட் நிறுவனம் கால்களை மாறிமாறி மிதித்துத் தள்ளும் வகையையும் தயாரிக்கின்றன. குழாயின் அகலம் 60 அல்லது 70 செ.மீ.தான். முழு வட்டமாக மிதித்தால் உயரமானவர்களின் முழங்கால் மேலே இடிக்கும். தள்ளும் வகையில் அந்தத் தொல்லை குறைவு. எப்படியானாலும் உடல் குலுங்கும், மூச்சு வாங்கும், மூச்சை அடக்கிப் படம் எடுக்க முடியாது. ஆகவே மூச்சடக்கம் தேவைப்படாத விரைவுப் படமுறைகள் வேண்டும்.

இன்னொரு இடர் பலருக்குத் தெரியாது. காந்தத்துக்குள் பாயும் இரத்தமே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி ஈசிஜியைக் குலைத்துவிடும். ஈசிஜியில் இரத்தக் குறைவைக் காட்டும் எஸ்டி பகுதியை நம்ப முடியாது. துடிப்பை எண்ணலாம், இரத்தக் குறைவைப் படிக்க இயலாது. இத்தனையும் சேர்ந்துதான் எங்கள் பிரிவில் இன்னமும் இரத்தக்குழாயை விரிக்கும் அடினோசின் போன்ற மருந்தே வழக்கமான வழியாக இருக்கிறது. அதற்கு முந்தைய நாள் காப்பி, தேநீர் கூடாது என்று சொல்லி அனுப்புவோம். வந்து படுத்த பிறகு, ‘காலையில் ஒரு வாய் காப்பி மட்டும்தான் குடித்தேன்’ என்பவர் வாரத்துக்கு ஒருவராவது இருப்பார்.

பதிவு 10 – மருத்துவர்_நெய்தல்

85 முதல் 130 விநாடி என்பது, என் பார்வையில், இதுவரை எடுத்த இயல்பான அறிக்கைகளையே மறுபடி பார்க்க வேண்டிய அளவுக்குப் பெரிய தாமதம். இரத்தக் குறைவு ஏற்படும்போது முதலில் தசையின் இரத்த ஓட்டம் குறைகிறது. அடுத்து இதயம் தளர்வதில் கோளாறு. பிறகே சுவர் அசைவு, அதன்பின் ஈசிஜி, கடைசியில் நெஞ்சுவலி. எக்கோ பிடிப்பது நடுப்படியை. ஓய்வு கிடைத்ததும் அந்தப் படிகள் வேகமாக மறையத் தொடங்கிவிடும். ஒற்றை இரத்தக்குழாயில் மிதமான அடைப்பு உள்ளவர்கள்தான் இந்தத் தாமதத்தில் முதலில் தப்பிவிடுவார்கள்.

எக்கோ கட்டிலை டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடுங்கள். நாலடித் தொலைவுக்கு மேல் வேண்டாம். ஈசிஜி மின்முனைகளை ஒரு விலா எலும்பு இடைவெளி கீழே ஒட்டி எக்கோ பார்வைக்கு இடம் விடுங்கள். வேகத்தைக் குறைத்து ஆறவிடும் கட்டத்தை ஸ்ட்ரெஸ் எக்கோவில் தவிர்த்துவிட வேண்டும்; உடனே படுத்துவிடுவதால் தலைசுற்றல் அரிது, என்றாலும் ஒருவர் தோளைப் பிடித்து இறக்க வேண்டும்.

பதிவு 11 – இடச்சாய்வு

மருத்துவர் ஐயா சொன்னபடி செய்தால் இரத்தக் குறைவைக் கண்டறியும் சோதனைக்கு டிரெட்மில்லே போதும் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன்: வால்வு நோயாளிகள்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் ஊர்களில் இன்னமும் வருகிறார்கள். பெரும்பாலும் முப்பது நாற்பது வயதுப் பெண்கள். ‘மாடியேறினால் மூச்சு வாங்குகிறது’ என்பார்கள். ஓய்வாகப் படுத்த நிலையில் அளந்தால் வால்வின் இருபுறத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு மிதமாகத்தான் இருக்கும். உழைக்கும்போது துடிப்பு கூடி, வால்வு திறந்திருக்கும் நேரம் குறையும்போதுதான் உண்மை வெளிப்படும்; அந்த வேறுபாடு 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினாலோ, நுரையீரல் தமனி அழுத்தம் 60 ஐத் தாண்டினாலோ சிகிச்சை முடிவே மாறக்கூடும். இந்த எண்கள் துடிப்பைப் பொறுத்தவை. நிறுத்திய மறுகணமே சரியத் தொடங்கும். இரத்தம் பாயும் வேகத்தை அளக்கும் டாப்ளர் கதிரைச் சரியான கோணத்தில் பிடித்து, நுரையீரல் தமனி அழுத்தத்தைக் கணிக்க உதவும் மூவிதழ் வால்வுக் கசிவையும் தேடி அளப்பதற்கு டிரெட்மில்லுக்குப் பின்னால் நேரமே இருக்காது. சைக்கிளில் 25 வாட்டிலும் 50 வாட்டிலும் நிதானமாக அளக்கலாம். உச்சத்தை எட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆகவே தொடைச் சோர்வு என்ற குறையும் இங்கே பெரிதாகப் படாது. இதயத்தின் சுருங்கும் விசை இயல்பாக இருந்தும் மூச்சு வாங்குகிற, தளர்ச்சிக் கோளாறு இருக்குமோ என்று ஐயப்படும் முதியவர்களுக்கும் இதே நியாயம்தான்.

ஆகவே உங்கள் நிர்வாகத்திடம், எத்தனை டிஎம்டி செய்கிறோம் என்ற கணக்கைக் காட்டிச் சைக்கிள் கட்டிலைக் கேட்காதீர்கள். வால்வு நோயாளிகளும் மூச்சிரைப்பு நோயாளிகளும் மாதத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எக்கோ பதிவேட்டைப் புரட்டி எண்ணிப் பாருங்கள்.

பதிவு 12 – மருத்துவர்_நெய்தல்

அந்த இடத்தில் எனக்கும் மறுப்பில்லை. தோல்வியை எழுத்தில் பதிவு செய்கிறேன்.

பதிவு 13 – பொருநை_எக்கோ

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஈசிஜி அறையில் இருந்த இரும்பு அலமாரியை வெளியே தள்ளிவிட்டு எக்கோ கட்டிலை டிரெட்மில்லுக்கு இடப்பக்கம் போட்டோம். எக்கோ இயந்திரம் சக்கரத்தில் வந்து போகிறது. ஜெல்லை முன்னதாகவே நெஞ்சில் தடவிவிட்டு, புரோபைக் கையில் பிடித்தபடி நிற்கிறேன். பயிற்சிக்கு முன்பே நோயாளியை ஒருமுறை இறங்கிப் படுக்கச் சொல்லி ஒத்திகை பார்க்கிறோம். ‘மூச்சை வெளியே விட்டு, அப்படியே நிறுத்துங்கள்’ என்று சொன்னதும் எடுக்கிறேன். நேற்றைய நோயாளிக்கு முதல் படம் 28 ஆவது விநாடியில், கடைசிப் படம் 70 இல். உச்சத்தில் 149 இருந்த துடிப்பு முதல் படத்தில் 138. செலவு, அலமாரியைத் தூக்கிய இருவருக்கான தேநீர்.

ரசமட்டம் ஐயா சொன்ன டேப் சோதனையையும் செய்தோம். முதல் கட்டத்தில் வேகம் சரி. ஏற்றம் 10 க்குப் பதில் 8.5 காட்டியது. தரைதான் காரணம், அடியில் தகடு வைத்துச் சரிசெய்துவிட்டோம்.

பதிவேட்டை எண்ணிப் பார்த்ததில், சைக்கிள் கட்டிலில் பார்த்திருந்தால் பயன்பட்டிருக்கும் என்று சொல்லத்தக்கவர்கள் மாதத்துக்கு நான்கு அல்லது ஐந்து பேர். அந்த எண்ணிக்கைக்கு இப்போது வாங்குவது நியாயமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்களைக் கட்டில் உள்ள பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று எங்கள் இதயநோய் மருத்துவரும் ஒப்புக்கொண்டார். அப்படி முதலில் அனுப்பிய பெண்ணுக்கு 34 வயது. இங்கே ஓய்வில் 6 ஆக இருந்த மைட்ரல் அழுத்த வேறுபாடு, அங்கே 50 வாட்டில் 18 ஆக ஏறியிருக்கிறது. வால்வை விரிக்கும் பலூன் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள்.

பதிவு 14 – ரசமட்டம்

தகடு நகராமல் இருக்க அடியில் ரப்பர் விரிப்பு வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்; டிரெட்மில் அதிரும் இயந்திரம், தகடு மெல்லத் தள்ளிப்போகும்.